மாமியார் முன்னால் கேட்ட கேள்வி

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி வக்கீல் ஐயா என்னைக் கேட்டார். "முப்பத்தோரு வருஷம் அந்த மேசையில உட்கார்ந்திருக்கீங்க, நீங்க சொல்லாம வேற யாரு சொல்றது?" என்று கொஞ்சம் ஐஸும் வைத்தார். அவர் எதிர்பார்ப்பது வேறு மாதிரியான கட்டுரை என்று எனக்குத் தெரியும். நான் கொடுக்கப் போவது இதுதான். பிடிக்கவில்லை என்றால் அவர் கிழித்துப் போட்டுக்கொள்ளட்டும்.

எந்த நாட்டுக்காரருக்கு எந்தத் தாள் வேண்டும் என்பதை இதில் தேடாதீர்கள். அது கணினியில் இருக்கிறது. அடிக்கடி மாறவும் செய்கிறது, நான் எழுதி முடிப்பதற்குள் மறுபடியும் மாறிவிடும். வெளிநாட்டுக்காரர் ஒருவர் இங்கே கல்யாணம் செய்ய வந்தால், அவர் விவாகரத்தானவரா, துணையை இழந்தவரா, கல்யாணமே ஆகாதவரா என்று தெரிய வேண்டும். முதலாமவருக்கு நீதிமன்றத் தீர்ப்பு. இரண்டாமவருக்கு இறப்புச் சான்றிதழ். மூன்றாமவருக்கு, எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று சத்தியம் செய்து கையெழுத்திட்ட ஓர் உறுதிமொழி. இவ்வளவு தெரிந்தால் பாதி வேலை தெரிந்த மாதிரி. மீதிப் பாதி முப்பத்தோரு வருஷத்தில் எனக்கு வரவில்லை, அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் வேகமான ஆள். நம் அலுவலகம் இருக்கும் தேக்கா வட்டாரத்தில் கல்யாணப் பத்திரம் என்றால் "மாடிக்குப் போங்க, அந்த அங்கிள் அரை மணி நேரத்துல முடிச்சுக் குடுத்துடுவாரு" என்று பூக்கடைக்காரர்களே அனுப்பிவைப்பார்கள். அந்தப் பேச்சு என் காதில் விழும்போது எனக்குத் தலைகால் புரியாது. படியேறி வருகிற குடும்பத்தை வரிசையாக உட்கார வைத்து, சத்தமாகக் கேள்வி கேட்டு, தட்டச்சு செய்துகொண்டே அடுத்த கேள்விக்குப் போய், அச்செடுத்து நீட்டுவேன். ஒரு வாத்தியார் வகுப்பெடுப்பது மாதிரி இருக்கும். கல்யாண வீட்டார் அதை ரசிக்கவும் செய்வார்கள்.

எனக்குப் பக்கத்து மேசையில் ஒரு பெண்மணி இருந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர், காத்தோங்கிலிருந்து பஸ்ஸில் வருவார், தமிழ் முஸ்லிம் குடும்பம். நான் அவரைத் தங்கச்சி என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். அவருடைய வேலை முறை எனக்கு எரிச்சல் மூட்டும். எந்தக் குடும்பம் வந்தாலும் முதல் ஐந்து நிமிஷம் ஊர்க்கதை பேசுவார். பிறகு, "கையெழுத்து மாதிரி எடுக்கணும், அதுக்குப் பொண்ணு மட்டும் இருந்தாப் போதும். நீங்கல்லாம் கீழ கோப்பிக் கடையில ஒரு தே குடிச்சிட்டு வாங்களேன்" என்று மொத்தப் பேரையும் இறக்கிவிடுவார். பெண் போனதும் மாப்பிள்ளைக்கும் அதே மாதிரி. கையெழுத்து மாதிரி என்று ஒன்று எந்தச் சட்டத்திலும் கிடையாது.

ஒரு நாள் அவரிடமே கேட்டேன். "என்ன தங்கச்சி, கோப்பிக் கடைக்காரன் உனக்குக் கமிஷன் தர்றானா?"

அவர் சிரிக்கவில்லை. "நம்ம ஆளுங்க கல்யாண விஷயத்துக்குத் தனியா வர்றதே இல்லண்ணே. மாமியார், நாத்தனார், சித்தப்பான்னு எட்டுப் பேரு வர்றாங்க. எட்டுப் பேரு முன்னால ஒரு பொண்ணு எனக்குப் பதில் சொல்லாது, அந்த எட்டுப் பேருக்குத்தான் சொல்லும்."

"உனக்கு நேரம் நிறைய இருக்கு லா," என்று சொல்லிவிட்டு என் தட்டச்சுக்குத் திரும்பினேன். இந்த ஒரு பேச்சைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்பு, தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்த நேரம். தங்கச்சி இரண்டு வாரம் விடுப்பில் மெக்காவுக்கு உம்ரா யாத்திரை போயிருந்தார். தெருவெல்லாம் விளக்குத் தோரணம், கீழே நடக்க இடமில்லை, மாடியில் என் ஒருவன் தலையில் இரண்டு மேசை வேலை. பதினொன்றரை மணிக்கு ஒரு குடும்பம் வந்தது. வெளியே இன்னும் மூன்று குடும்பம் காத்திருந்தது.

மாப்பிள்ளை பெயர் குமரேசன். வயது முப்பத்தெட்டு, மின்தூக்கி பழுதுபார்க்கும் வேலை, புக்கிட் பாஞ்சாங்கில் அம்மாவோடு இருக்கிறவர். கூடவே அம்மா, அக்கா. அக்கா கையில் ஒரு பெரிய கோப்பு, ஒவ்வொரு தாளுக்கும் வண்ணச் சீட்டு ஒட்டியிருந்தது. மணப்பெண் தமயந்தி, இருபத்தெட்டு வயது, தஞ்சாவூர்ப் பக்கம். குமரேசனின் நண்பர் வீட்டுக்குத் தூரத்து உறவு. இரண்டு வருஷமாகத் தொலைபேசியில் பேசிப் பழகி, வருகை அனுமதியில் வந்திருந்தாள். வந்து பத்து நாள் ஆகியிருந்தது.

அம்மா எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். கனத்த உடம்பு, பெரிய பொட்டு, பார்வையும் குரலும் கூட அப்படித்தான். தமயந்தி ஓர நாற்காலியில் பாதிதான் உட்கார்ந்திருந்தாள்.

குமரேசன் அவளுடைய பாஸ்போர்ட்டை ஓர் உறையில் போட்டுத் தன் சட்டைப் பையில் வைத்திருந்தார். அதை அக்காவிடம் கொடுக்காமல் நேரே என்னிடம் நீட்டினார். நான் எழுந்து போய் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் நகலெடுத்தேன். இந்தியப் பாஸ்போர்ட்டில் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர், அம்மா பெயர் இருக்கும். அதற்குக் கீழே கணவன் அல்லது மனைவி பெயருக்கு ஓர் இடம். பெரும்பாலும் அது காலியாக இருக்கும். தமயந்தியின் பாஸ்போர்ட்டில் அது காலியாக இல்லை. அங்கே ஓர் ஆண் பெயர் இருந்தது, அது குமரேசன் இல்லை.

நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல வழியே இல்லை. படித்து முடித்த தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சிறு டிக் போடுவது என் பழக்கம். அந்தப் பக்கத்திலும் போட்டேன்.

நகல் இயந்திரத்தின் பக்கத்தில் நின்ற அந்த அரை நிமிஷத்தில் என் புத்தி என்ன சொன்னது தெரியுமா? இந்தப் பெண்ணுக்கு முன்னால் ஏதோ ஒரு கதை இருக்கிறது. இப்போது வாயைத் திறந்தால் அந்த அம்மாள் இந்த அறையை இரண்டாக்கிவிடுவார். பாவம் பெண். திருமணப் பதிவகத்தில் முதல் பக்கத்தைத்தானே பார்ப்பார்கள். நாம் ஏன் வம்பை இழுத்துவிட வேண்டும்? இப்படி யோசித்து, நான் ஏதோ பெரிய மனசு பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். உண்மை வேறு. வெளியே மூன்று குடும்பம் நின்றது, பசி வேறு. இரக்கம் என்று நானே அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்து உட்கார்ந்து, விரல் விசைப்பலகையில் இருக்க, சத்தமாகக் கேட்டேன்.

"இதுதான் மொதக் கல்யாணம், இல்லையாம்மா?"

தமயந்தி குமரேசனைப் பார்த்தாள். குமரேசன் தரையைப் பார்த்தார். அம்மா, "அதுல என்ன சந்தேகம்?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"ஆமாங்க," என்றாள் தமயந்தி.

பதினைந்து நிமிஷத்தில் உறுதிமொழி தயார். இதுவரை எனக்குத் திருமணம் நடந்ததில்லை என்று சத்தியம் செய்து சொல்கிறேன், இது பொய்யென்றால் குற்றம் என்பதை அறிவேன் என்றெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். கையெழுத்துப் போடுமுன் தமயந்தி தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல என்ன எழுதியிருக்குங்க சார்?" என்று கேட்டாள்.

அவளுக்கு அதைத் தமிழில் வரிவரியாகச் சொல்ல வேண்டியது என் கடமை. நான் சொன்னது இது. "எல்லாம் வழக்கமா எழுதுறதுதாம்மா. கீழ கையெழுத்துப் போடுங்க."

போட்டாள். உள் அறையில் வக்கீல் ஐயா முன்னால் நின்று சத்தியமும் செய்தாள். அவர் என்னை நம்பி முத்திரை குத்தினார். நகலெடுத்த கடைசிப் பக்கத்தை நான் அவர்களுடைய தாள்கட்டின் அடியில் செருகினேன்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். தமயந்தி தனியாகப் படியேறி வந்தாள். புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து ரயில் மாறி, ஊருக்குப் புதிய ஒரு பெண் வழி விசாரித்துக்கொண்டு ஒற்றையில் வந்திருக்கிறாள். என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. எனக்கு முன்னால் வேறொரு குடும்பம் உட்கார்ந்திருந்தது.

"சார், நேத்து எழுதினதுல ஒரு விஷயம்..."

"எல்லாம் ஆன்லைன்ல அனுப்பியாச்சும்மா. ஒரு பிரச்சினையும் இல்ல."

"இல்ல சார், ரெண்டு நிமிஷம் தனியா..."

"அப்பாயின்ட்மென்ட் தேதி குமரேசனுக்கு மெசேஜ் வரும். பயப்படாதீங்க, போயிட்டு வாங்க."

திரையைப் பார்த்துக்கொண்டேதான் இதையெல்லாம் சொன்னேன். பிறகு செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது. அவள் என்ன சொல்ல வந்தாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் தலை நிமிரவில்லை.

அந்த உறையில் இருந்தது ஓர் இறப்புச் சான்றிதழ் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். தமயந்திக்குப் பத்தொன்பது வயதில் கல்யாணம் ஆகியிருக்கிறது. மாப்பிள்ளை வளைகுடாவில் கட்டுமான வேலை. அவளையும் அழைத்துக்கொள்வதற்காகத் தன் பெயரைப் போட்டுப் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனவர், நாலே மாதத்தில் வேலையிடத்தில் இறந்துபோனார். இதை அவள் குமரேசனிடம் முதல் மாதமே சொல்லியிருக்கிறாள். குமரேசன்தான் அம்மாவிடம் சொல்லத் தைரியமில்லாமல், நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். பத்திரம் எழுதும் இடத்தில் எப்படியும் சொல்லிவிடலாம், அலுவலகத்துக்காரர் கேட்டால் அம்மாவும் கேட்டுத்தானே ஆகவேண்டும் என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டுதான் என்னிடம் வந்தார்கள். நான்தான் கேட்டேனே, அந்த லட்சணத்தில்.

கவனியுங்கள். துணையை இழந்தவர் என்று எழுதி, அந்த ஒரு தாளை இணைத்திருந்தால் கல்யாணம் எந்தத் தடையும் இல்லாமல் நடந்திருக்கும். அவளிடம் எந்தக் குற்றமும் இல்லை. என் மேசையில் உட்கார்ந்து எழுந்த பிறகுதான் ஒரு குற்றம் உண்டானது.

பதிவகத்தில் அசல் பாஸ்போர்ட்டைச் சரிபார்த்த அதிகாரி கடைசிப் பக்கத்தையும் திருப்பினார். இது யார் என்று கேட்டார். தமயந்தி அந்த இடத்திலேயே முழு உண்மையையும் சொல்லிவிட்டாள். அம்மாவும் அக்காவும் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதிகாரி கோபப்படவில்லை. பொய்யான உறுதிமொழி கொடுக்கப்பட்டிருப்பதால் விசாரித்து முடிவு தெரியும் வரை மேற்கொண்டு எதுவும் நடக்காது என்று சொல்லி விண்ணப்பத்தை நிறுத்திவைத்தார். அவளுடைய வருகை அனுமதிக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

அங்கிருந்து நேராக நால்வரும் என் மாடிக்கு வந்தார்கள். அக்கா கோப்பை மேசையில் ஓங்கிப் போட்டார்.

"அங்கிள், நீங்க செக் பண்ணவே இல்லையா? பாஸ்போர்ட்ல பேரு இருக்கு! இத்தனை வருஷம் இந்த வேலை பாக்குறீங்க, எப்படி மிஸ் பண்ணீங்க?"

அறையில் வேறு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். வக்கீல் ஐயாவின் கதவு பாதி திறந்திருந்தது. அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுக்கிற அங்கிளை எல்லாரும் பார்த்தார்கள். நான் எழுந்து நின்று, குரலை உயர்த்திச் சொன்னேன்.

"நான் கேட்டேனேம்மா. உங்க எல்லாரையும் வச்சுக்கிட்டுத்தான் கேட்டேன். மொதக் கல்யாணமான்னு கேட்டேன், ஆமான்னு அவங்கதான் சொன்னாங்க. அம்மா, நீங்களும் இருந்தீங்கதானே?"

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் இதைவிடப் பெரிய அயோக்கியத்தனத்தை நான் வாழ்க்கையில் செய்ததில்லை. அம்மா மெல்லத் திரும்பித் தமயந்தியைப் பார்த்தார். "ஒரு ஆபீசர் வாயால நான் தெரிஞ்சுக்கணுமா?" என்று மட்டும் கேட்டார். தமயந்தி அழவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் வந்தேனே, சொல்ல வந்தேனே என்று அவள் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் மேசையிலிருந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தேன்.

அடுத்த திங்கட்கிழமை தங்கச்சி விடுப்பு முடிந்து வந்தார். பேரீச்சம்பழமும் ஸம்ஸம் தண்ணீரும் எல்லார் மேசைக்கும் கொடுத்தார். நடந்ததைக் கேட்டதும் தமயந்தியின் தாள்கட்டை எடுத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். அடியிலிருந்த நகலைக் கண்டதும் நிறுத்தினார். பென்சில் டிக்கின் மேல் விரலை வைத்தார்.

"பாத்திருக்கீங்கண்ணே."

நான் பேரீச்சங்கொட்டையைக் காகிதத்தில் மடித்தேன்.

"அந்தப் பொண்ணு அப்புறம் வந்துச்சா?"

"வந்துச்சு. கூட்டமா இருந்துச்சு."

"பதிவகத்துல கேப்பாங்க. மறுநாளே திருத்த வந்தாள்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும். வேணும்னு மறைக்கலைன்னு அதுலேயே தெரிஞ்சுடும். அவளுக்கு இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு. எழுதிடுங்க."

எழுதுகிறேன் என்றேன். அன்று மதியமே பதிவகத்திலிருந்து தொலைபேசி வந்தது. அமைதியான பெண் குரல், ஆங்கிலத்தில். தமயந்தி என்ற பெண் எழுத்து மூலம் கொடுத்த விளக்கத்தில், மறுநாளே உங்கள் அலுவலகத்துக்கு வந்து திருத்தச் சொன்னதாகக் கூறியிருக்கிறார், அது உண்மையா என்று கேட்டார். மிரட்டல் இல்லை, அவசரப்படுத்தலும் இல்லை. நான் ஆமாம் என்று சொன்னால் போதும்.

"அன்றைக்கு நல்ல கூட்டம். யார் யார் வந்தார்கள் என்று எனக்கு நினைவில்லை," என்றேன்.

போனை வைத்தபோது தங்கச்சி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து கழிப்பறைக்குப் போய்விட்டார், வெகுநேரம் வரவில்லை. அதற்குப் பிறகு நான் அங்கே வேலை பார்த்தவரை அவர் என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை. எல்லாரையும் போல அங்கிள் என்றார்.

பொய்ச் சத்தியம் செய்தால் குற்றம் என்று ஆயிரக்கணக்கான பேரிடம் எழுதி வாங்கியவன் நான். சத்தியம் செய்யாமலேயே பொய் சொல்ல எனக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது.

தமயந்தி ஊருக்குப் போய்விட்டாள். விமான நிலையத்துக்குக் குமரேசன் மட்டும் போனாராம்.

ஏழு வாரம் நான் ஒன்றும் செய்யவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், பத்திரம் எழுதினேன். தூக்கம் வரவில்லை, சோறு இறங்கவில்லை என்றெல்லாம் எழுதினால் உங்களுக்கு என் மேல் கொஞ்சம் மரியாதை வரும். அப்படி எதுவும் நடக்கவில்லை. எட்டாவது வாரம் ஒரு பெண் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்தாள். நான் வழக்கம்போல, "இதுதான் மொதக் கல்யாணம்..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. அவர்களைத் தங்கச்சியின் மேசைக்கு அனுப்பிவிட்டு வக்கீல் ஐயா அறைக்குள் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. திட்டி முடித்துவிட்டு, தாளும் பேனாவும் கொடுத்தார். பாஸ்போர்ட்டில் பெயரைப் பார்த்தேன், தனியாகக் கேட்கவில்லை, உறுதிமொழியை அவருக்குத் தமிழில் விளக்கவில்லை, மறுநாள் அவர் திருத்த வந்தார், நான் கேட்க மறுத்தேன், நினைவில்லை என்று சொன்னது பொய் என்று ஆறு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதிவகத்திலிருந்து பதில் வந்தது. எனக்குக் கடுமையான எச்சரிக்கை. தமயந்தி மேல் நடவடிக்கை இல்லை, புதிதாக விண்ணப்பிக்கலாம்.

பெரிதாகச் சாதித்துவிட்ட மாதிரி குமரேசனுக்குப் போன் போட்டேன். அவர் குரலில் உற்சாகமே இல்லை. "தேங்க்ஸ் அங்கிள். ஆனா அவ வரமாட்டேங்குறா. நீங்களே பேசிப் பாருங்க," என்று எண்ணைக் கொடுத்தார்.

தமயந்தியிடம் பேசினேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"சார், நான் புருஷனை இழந்தவள்னு எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். நான் அதை மறைச்சதே இல்ல. உங்க ஆபீஸ்ல ஒரு தடவை மறைச்சேன், அது என் தப்புதான். ஆனா அவங்க அம்மா மனசுல நான் இப்பவும் பொய்க்காரிதானே? லெட்டர் பதிவகத்துக்குத்தானே போச்சு? அந்த வீட்டுக்குப் போகலையே."

"நான் என்னம்மா செய்யணும்?"

"அவங்க முன்னால படிங்க சார். தமிழ்ல."

கல்யாணம் நடந்ததா என்று உங்களுக்குப் பரபரப்பாக இருக்கும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்தது. அடுத்த வைகாசியில் அவள் ஊரிலேயே நடந்தது. அம்மாவும் அக்காவும் போயிருந்தார்கள். இப்போது அவள் புக்கிட் பாஞ்சாங்கில்தான் இருக்கிறாள். அவளுக்கான தாள்களையெல்லாம் தங்கச்சிதான் பார்த்துக் கொடுத்தார். எனக்கு அழைப்பு வரவில்லை, வர வேண்டிய நியாயமும் இல்லை.

நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வீட்டுக்குப் போனதைப் பற்றி. குமரேசன் கதவைத் திறந்தார். அக்கா இருந்தார். அம்மா சோபாவில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னை உட்காரச் சொன்னார்கள், நான் நின்றுகொண்டே படித்தேன். ஆறு வரிதான். நான் எழுதிய ஆங்கிலத்தை நானே வரிவரியாகத் தமிழில் சொன்னேன். மறுநாள் அவர் தனியாகத் திருத்த வந்தார் என்ற இடத்தில் அம்மாவின் கை நின்றது.

"அந்தப் பொண்ணு தனியாவா வந்துச்சு? இங்கேர்ந்தா?"

"ஆமாம்மா."

"எனக்குத் தெரியாதே. மார்க்கெட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போச்சு." பிறகு மகனைப் பார்த்தார். "எங்கிட்ட சொல்லியிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்? கொஞ்ச நாள் கத்தியிருப்பேன். அவ்வளவுதானே?"

நான் தாளை மடித்துப் பையில் வைத்தேன். வந்த வேலை முடிந்தது, கிளம்பலாம் என்று நினைத்தேன்.

"இருங்க," என்றார் அம்மா. "அந்தப் பொண்ணு எனக்குப் பயந்து பொய் சொல்லிச்சு. சரி, அது சின்னப் பொண்ணு. இவன் எனக்குப் பயந்து வாயை மூடிக்கிட்டான், இவன் எப்பவுமே அப்படித்தான். நினைவில்லைன்னு சொன்னீங்களே, நீங்க யாருக்குப் பயந்து சொன்னீங்க?"

யோசித்தேன். வக்கீல் ஐயா திட்டியிருப்பார், திட்டிவிட்டு மறுநாள் மறந்திருப்பார். வேலை போயிருக்காது. போனில் கேட்ட அந்த அதிகாரி என்னை அதட்டக்கூட இல்லை. அரை மணி நேரத்து அங்கிள் என்ற பேரைத் தவிர நான் காப்பாற்ற எதுவும் இருக்கவில்லை. கேட்டவருக்கு உண்மையான பதிலைச் சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

"யாருக்கும் பயந்து இல்லைம்மா," என்றேன்.

அந்த அம்மாள் கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். நான் புறப்படும் வரை வெளியே வரவில்லை.